அசையாப் பிடி

மோட்டார் வண்டி ஒன்றின் கதவுக் கைப்பிடி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அவ்வண்டியை 24-இல் ஒரு பங்காகக் குறுக்கி மாதிரி வண்டியாகச் செய்தால், அக்கைப்பிடி 6 மில்லிமீட்டருக்குச் சிறிதே மிகுந்து, ஓர் அரிசியின் அளவாய் நிற்கும். 43-இல் ஒரு பங்காகக் குறுக்கினாலோ, அதன் நீளம் 3.5 மில்லிமீட்டரே. இத்துணைச் சிறிய உறுப்பின் மேல் வெள்ளி வண்ணம் தீட்டி, அதன் நடுவே சாவித் துளையைக் குறிக்கும் கரும்புள்ளி ஒன்றையும் இட வேண்டும். கூர்மையான கண்ணும் மெல்லிய தூரிகையும் இருந்துவிட்டால் இவ்வேலை நிறைவேறிவிடும் என்று பலர் எண்ணுவர். உறுப்பு அசையாமல் நின்றாலன்றி அவ்விரண்டாலும் பயனில்லை.

43 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். இங்கிலாந்து நாட்டுப் பொம்மை ரயில் வண்டிகளில் ஒரு வகை, உண்மை வண்டியின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்னும் கணக்கில் அமைக்கப்பட்டது. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர், அதனை 7-ஆல் வகுத்தால் 43.5 வரும். அந்த ரயில்களின் அருகே நிறுத்துவதற்கென்று செய்யப்பட்ட சிறு மோட்டார் வண்டிகளும் அவ்வளவையே ஏற்றன. 24 என்பதோ அடிக்கு அரை அங்குலம். 12 என்பது அடிக்கு ஓர் அங்குலம்.

மாதிரி வண்டியின் உடற்பகுதிக்கு வண்ணம் பூசுவது அவ்வளவு கடினமன்று. முகவிளக்கின் வளையம், பக்கவாட்டுக் கண்ணாடி, மழைநீர் துடைக்கும் கோல், சுக்கான் சக்கரம், வேகமானியின் முகப்பு ஆகியவற்றைத் தனித்தனியே தீட்டும் நுண்வேலையே கைத்திறனுக்குச் சோதனை. 24-இல் ஒரு பங்கான வண்டியில் தூரிகை அரை மில்லிமீட்டர் வழுவினால், உண்மை வண்டியில் 12 மில்லிமீட்டர் வழுவியதற்கு அது சமமாகும். சாலையில் ஓடும் வண்டி ஒன்றன் விளக்கு வளையத்தில் விரலகலத்துக்கு வண்ணம் வழிந்திருந்தால் அது யாருடைய கண்ணுக்குத்தான் தப்பும்? மாதிரியிலும் அது தப்பாது. உருவம் சிறுத்தாலும் பிழை சிறுப்பதில்லை.

மனிதனுடைய கை ஒருபோதும் முற்றிலும் அசைவற்று இருப்பதில்லை. நல்ல உடல்நலம் உடையவர் கையை நீட்டிப் பிடித்தாலும், அது நொடிக்கு 8 முதல் 12 முறை வரை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். இது நோயன்று, நரம்பும் தசையும் இயங்கும் முறையினின்றும் இயல்பாய்த் தோன்றுவது. களைப்பும், அச்சமும், மிகுதியாக அருந்திய காப்பியும் இந்நடுக்கத்தைப் பெருக்கும். இறுகப் பற்றினால் நடுக்கம் அடங்கும் என்று எண்ணுவது தவறு. தசை எவ்வளவு வலிந்து இழுக்கிறதோ அவ்வளவுக்கு அதன் இழுப்பில் ஏற்றத்தாழ்வும் மிகும். ஆதலின், சிறு உறுப்பை இரு விரல்களால் நெரித்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மற்றொரு கையால் தூரிகையைக் கொண்டு செல்பவர் தம் இடர்ப்பாட்டைத் தாமே வளர்த்துக்கொள்கின்றார். அவர் விரும்பியது ஒரு கோடு. கிடைப்பது இரண்டு நடுக்கங்களின் கூட்டு.

இந்நடுக்கத்தை நீக்க இயலாது. ஆனால் குறைக்க இயலும். தோள் முதல் விரல் நுனி வரை உள்ள நீளம் ஒரு நெம்புகோல் போன்றது. தோளில் எழும் சிறு அசைவு, விரல் நுனியை அடையும்போது பெரிய அசைவாகிவிடுகின்றது. முழங்கைகளை மேசைமேல் ஊன்றினால் தோளின் அசைவு அங்கேயே நின்றுபோம். மணிக்கட்டையும் ஊன்றினால் முழங்கையின் அசைவும் ஒழியும். எஞ்சுவது விரல்களின் அசைவு ஒன்றே. கைவினைஞர் இதற்கும் மேலாக ஒன்று செய்வர். உறுப்பை ஏந்திய கையின் மேல், தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரலைப் பதித்துக்கொள்வர். அப்போது இரு கைகளும் ஒன்றாய் இணைந்துவிடுகின்றன. நடுங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நடுங்கும், ஒன்றுக்கொன்று விலகா. ஓடும் வண்டிக்குள் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் நோக்க அசையாதிருப்பது போன்றதே இது.

இத்தகைய நுண்வேலை வெறும் பொழுதுபோக்கு என்று இகழத்தக்கதன்று. அமெரிக்க நாட்டில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளுக்கு உடற்பகுதி செய்துவந்த பிஷர் பாடி என்னும் பிரிவு, கைவினைஞர் கழகம் ஒன்றை இளைஞர்க்கென அமைத்துப் போட்டி நடத்திற்று. 1930-இல் தொடங்கப்பெற்ற அப்போட்டி 1968-இல் முடிவுற்றது. தொடக்கத்தில், நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றன் சிற்றுருவைச் செய்யுமாறு பணித்தனர். சக்கரம், கதவு, செதுக்கு வேலைப்பாடு, உள்ளிருக்கை அனைத்தையும் இளைஞர் தம் கையாலேயே ஆக்க வேண்டும். பின்னாளில், தாமே கற்பனை செய்த புதிய மோட்டார் வண்டியை 12-இல் ஒரு பங்காகச் செய்து அனுப்பும் பிரிவும் ஏற்பட்டது. வென்றவர்க்குப் பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை கிடைத்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது வாழ்க்கையின் வாயிலையே திறந்துவிடும் பரிசு. நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்து முடித்த ஒரு வண்டியில், கடைசி வாரத்தில் ஒரு துளி வண்ணம் வழிந்துவிட்டால் நேரக்கூடிய இழப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1947-இல் அப்போட்டியில் பரிசு பெற்ற சக் ஜோர்டன் என்னும் இளைஞர், பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வண்டி வடிவமைப்புத் துறையின் தலைவராக, 1986 முதல் 1992 வரை பணியாற்றினார்.

ஒரு பொருளை அசையாமல் நிறுத்துவது என்பதன் பொருள் யாது? எந்தப் பொருளும் ஆறு வகையில் அசையக்கூடும். முன்பின்னாக நகரலாம், இடவலமாக நகரலாம், மேல்கீழாக நகரலாம். இம்மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு சுழலவும் செய்யலாம். ஆறையும் தடுத்தாலன்றி அப்பொருள் நிலைபெற்றதாகாது. இரு விரல்களுக்கிடையே பற்றிய சிறு கண்ணாடிச் சட்டம் நழுவாமல் இருக்கலாம். ஆனால் அவ்விரண்டு விரல்களையும் இணைக்கும் கோட்டையே அச்சாகக் கொண்டு சுழன்றுவிடும். தூரிகை பட்டவுடன் உறுப்பு திரும்பிக்கொள்வதன் காரணம் இதுவே. மூன்றாவது ஒரு விரலோ, ஒரு தட்டையான பரப்போ வந்து சேர்ந்தால் அச்சுழற்சி நின்றுவிடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதும் நாற்காலி சில தரையில் ஆடுவதும் இவ்வுண்மையைச் சார்ந்தவையே. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை உறுதிப்படுத்தும். நான்காவது புள்ளி பொருந்தினால் நன்று, பொருந்தாவிடில் தொல்லை.

இயந்திரத் தொழிற்சாலைகளில் இக்கணக்கை வெளிப்படையாகவே கையாளுகின்றனர். வேலைக்குரிய துண்டை அடியில் மூன்று புள்ளிகளிலும், பக்கத்தில் இரண்டு புள்ளிகளிலும், முனையில் ஒரு புள்ளியிலும் முட்டுமாறு வைத்து, பிறகு இறுக்குவர். மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு. மாதிரி வண்டி செய்பவர் புள்ளிகளை எண்ணுவதில்லை; ஆயினும் அவர் செய்வதும் இதுவே.

பிளாஸ்டிக் மாதிரி வண்டியின் உறுப்புகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது தனித்தனியே இருப்பதில்லை. உருகிய பிளாஸ்டிக்கை அச்சினுள் செலுத்தும் கால்வாய்களே உறைந்து ஒரு சட்டமாகி, கொடியில் காய்கள் தொங்குவது போல உறுப்புகளைத் தாங்கி நிற்கும். பழகாதவர் முதல் வேலையாக எல்லாக் காய்களையும் பறித்துவிடுவர். அது பெருந்தவறு. அச்சட்டத்தைக் காட்டிலும் நல்ல கைப்பிடி வேறில்லை, காசும் செலவில்லை. சட்டத்தின் ஒரு துண்டை உறுப்போடு விட்டு வெட்டிக்கொண்டு, அத்துண்டைப் பிடித்தவாறே தீட்டி முடித்து, உலர்ந்தபின் நீக்கலாம். வெட்டிய இடத்தில் தோன்றும் சிறு வடுவை மட்டும் அரத்தால் தேய்த்து, ஒரு துளி வண்ணத்தால் மறைத்தால் போதும்.

உறுப்பைப் பறித்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அப்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: வண்டி முடிந்தபின் இவ்வுறுப்பின் எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது? இருக்கையின் அடிப்பக்கம் தெரியாது. விளக்கின் பின்புறம் தெரியாது. கண்ணாடியின் காம்பு கதவினுள் நுழைந்துவிடும். பிடி அங்கேதான் அமைய வேண்டும். பல்குத்தும் குச்சி ஒன்றின் முனையில் பசை தொட்டு, அம்மறைவிடத்தில் ஒட்டி உலரவிட்டால், அரிசியளவு உறுப்புக்கு விரல் நீளக் கைப்பிடி கிடைத்துவிடுகின்றது. இனிக் கை தொடுவது குச்சியையே, உறுப்பை அன்று. அதனைத் திருப்பலாம், சாய்க்கலாம், வெளிச்சத்துக்கு நேரே காட்டலாம். தீட்டி முடித்தபின் மணல் நிரப்பிய தகரக் குவளையிலோ ஒரு தக்கையிலோ குச்சியைக் குத்தி நிறுத்திவிட்டால், உலர்வதற்குள் எதன்மேலும் படாமல் நிற்கும். ஈர வண்ணத்தில் விரல் பதிந்து கெட்ட வேலைகளே, தூரிகை தவறிக் கெட்ட வேலைகளைவிட மிகுதி எனலாம்.

இது புதிய வழியுமன்று. இரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டுவோர், கல்லை ஒரு கோலின் முனையில் மெழுகால் ஒட்டிக்கொண்டே தீட்டுகின்றனர். தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் மெல்லிய பொன் தகட்டில் சித்திரம் எழுப்பும்போது அதனை அரக்கில் பதித்துக்கொள்வர். சூட்டில் இளகி, குளிர்ச்சியில் இறுகும் அரக்கு, தகட்டின் ஒவ்வொரு வளைவையும் தழுவித் தாங்குகின்றது. ஆயிரம் புள்ளிகளில் ஒரே சமயத்தில் பிடிக்கும் விரல் அரக்கன்றி வேறெது?

ஒட்டுபொருளைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். பிரிக்கும்போது உறுப்பே ஒடியும் அளவுக்கு வலிய பசை ஆகாது. தண்ணீரில் கரையும் வெண்மையான மரப்பசை பெரும்பாலும் போதும். வேலை முடிந்தபின் ஈரத் துணியால் நனைத்தால் அது விட்டுவிடும். நொடியில் ஒட்டும் பசை விரைவானதுதான். ஆயினும் அதன் ஆவி, ஒளி ஊடுருவும் உறுப்புகளின் மேல் வெண்படலமாகப் படிந்து, வண்டியின் கண்ணாடியைப் பனிமூடியது போல் ஆக்கிவிடும். தட்டையான உறுப்புகளுக்கு, இரு புறமும் ஒட்டும் நாடாவை ஒரு சிறு பலகையில் பதித்து, அதன்மேல் வரிசையாக வைத்துக்கொள்வது எளிது. நாடாவின் பசை மிகுதியாக இருந்தால் முன்னதாக அதை இரண்டொரு முறை துணியில் அழுத்தி எடுத்து வலிமையைத் தணித்துக்கொள்ளலாம். எந்த முறையாயினும், தீட்டுமுன் உறுப்பைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துதல் நலம். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் வண்ணம் பற்றாது.

சக்கரத்தைத் தீட்டுவதில் பிடியின் பயன் மிக அழகாக விளங்கும். சக்கரத்தின் விளிம்பில் வட்டமாக ஒரு வெண்கோடு இட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். தூரிகையைச் சுற்றிக் கொண்டுபோனால் கோடு கோணலாகும். அச்சுத் துளையில் நுனி கூரிய குச்சி ஒன்றைச் செருகினால், குச்சி பருத்துச் செல்லும் இடத்தில் சக்கரம் தானே இறுகி நிற்கும். இனித் தூரிகை பிடித்த கையை மேசையில் ஊன்றி அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களால் குச்சியை மெல்ல உருட்ட வேண்டும். வட்டம் தானே வரைந்துகொள்ளும். கடைசல் இயந்திரத்தில் உளி நிற்க மரம் சுழல்வதும், குயவன் விரல் நிற்கத் திகிரி சுழல்வதும் இதுவேயாம்.

சாமணத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். சிற்றுறுப்புகளை எடுத்துப் பொருத்த அதைவிடச் சிறந்த கருவி இல்லை. அவற்றைத் தொலைக்கவும் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. புளியங்கொட்டையை இரு விரல் நுனிகளுக்கிடையே அழுத்தினால் அது தெறித்து ஓடுவதைச் சிறுவர் அனைவரும் அறிவர். சாமணத்திலிருந்து உறுப்பு தெறிப்பதும் அவ்வாறே. சாமணத்தின் இரு நுனிகளும் இணையாக உறுப்பைத் தொட்டால், அழுத்தம் நேருக்கு நேர் சென்று உராய்வு அதனை நிறுத்தும். வளைந்த உறுப்பை அதன் சரிவில் பற்றினாலோ, அழுத்தத்தின் ஒரு கூறு அதனை வெளியே தள்ளுகின்றது. அத்தள்ளுதல் உராய்வை மிஞ்சிய கணத்திலேயே, வில்லாய் வளைந்திருந்த சாமணத்தின் கைகள் தாம் சேமித்த விசை அனைத்தையும் உறுப்புக்கு அளித்துவிடும். பிறகு தரையில் தேடும் படலம்தான். அழுத்தத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தன்று. அது தெறிக்கும் வேகத்தையே கூட்டும். உறுப்பின் இணையான பக்கங்களைக் கண்டு பற்றுவதும், நுனியில் துளி மெழுகு தடவிக்கொள்வதும் பயன் தரும். அழுத்தினால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் வகைச் சாமணம் ஒன்றும் உண்டு. அது வில்லின் விசையாலேயே கவ்வி நிற்பதால் கை களைப்பதில்லை. பிடியும் கூடிக் குறைவதில்லை.

நகை செய்வோர் சிலர் மேசையின் விளிம்பில் ஒரு தோலைத் தொட்டில் போலக் கட்டித் தம் மடியின் மேல் விரித்திருப்பர். விழும் பொன் துகள் அதில் தங்கும். மாதிரி வண்டி செய்பவர்க்கும் அது ஏற்றதே. அவ்வேற்பாடு இன்றித் தரையில் விழுந்துவிட்டால், அறையை இருட்டாக்கி, மின்விளக்கைத் தரையோடு தரையாக வைத்து ஒளியைச் செலுத்த வேண்டும். மணலளவு பொருளும் அப்போது நீண்ட நிழலை வீழ்த்திக் காட்டிக் கொடுத்துவிடும்.

துளையிடுதல், அராவுதல், வெட்டுதல் போன்ற வேலைகளில் பிடி தளர்ந்தால் கெடுவது உறுப்பு மட்டுமன்று, விரலும் ஆகும். இடக்கை விரல்களே பிடிகருவியாகும்போது, வலக்கையின் கத்தி வழுவினால் போய்ச் சேரும் இடம் இடக்கையே. துளைக்கும் ஊசி சிக்கிக்கொண்டால் உறுப்பு ஊசியோடு சேர்ந்து சுழன்று விரலைக் கிழிக்கும். ஆகவே வெட்டும் வேலைக்கு உறுப்பை வைஸ் எனப் பட்டறைகளில் வழங்கும் பிடிகருவியில் வைத்தலே முறை. அதன் இரும்புத் தாடைகள் பிளாஸ்டிக்கைக் கடித்துத் தழும்பாக்கிவிடும். தாடைகளுக்கும் உறுப்புக்கும் இடையே தோல் துண்டோ, தக்கையோ, மென்மையான மரமோ கொடுக்க வேண்டும். துணி உலர்த்தப் பயன்படும் மரக்கவ்வி மலிவான சிறு பிடிகருவியாகும். அதன் வாயை உறுப்பின் வடிவத்துக்கு ஏற்பக் கத்தியால் குடைந்துகொள்ளவும் கூடும். மிகத் தட்டையாக அராவ வேண்டிய உறுப்புக்கு மற்றொரு வழி உண்டு. உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகையின் மேல் விரித்து, தாளை அசைக்காமல் உறுப்பையே அதன்மேல் தேய்த்தால், மூலைகள் உருண்டுபோகாமல் பரப்பு சமமாகும்.

ஆலையில் ஆயிரக்கணக்காகச் செய்யப்படும் சிறு வண்டிகளுக்கு ஒவ்வொன்றாகக் குச்சி ஒட்டிக்கொண்டிருக்க இயலாது. 1947-இல் லண்டன் நகரில் தோன்றிய லெஸ்னி நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவரான ஜாக் ஓடெல், தம் மகள் பள்ளிக்குக் கொண்டு செல்வதற்காகத் தீப்பெட்டிக்குள் அடங்கும் பித்தளைச் சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார் என்பர். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைகளையே கொண்டுவரலாம் என்பது அப்பள்ளியின் விதி. அதிலிருந்து பிறந்த தீப்பெட்டி வண்டிகள் 1953-இல் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவின. இத்தகைய வார்ப்பு வண்டிகளின் சிறு பகுதிகளைத் தீட்டுவதற்கு ஆலைகளில் உலோக மூடியைப் பயன்படுத்தினர். வண்டியின் வடிவத்துக்கு இயையக் குடைந்த அம்மூடி, வண்டியைத் தன்னுள் இறுகப் பற்றிக்கொள்ளும். விளக்கு இருக்கும் இடத்தில் மட்டும் துளை விட்டிருக்கும். வண்ணத்தைத் தெளித்தவுடன் விளக்கு மட்டும் வெள்ளியாகும். பிடிப்பதும் மறைப்பதும் ஒரே கருவியின் வேலையாயின. மூடி சற்றே தளர்ந்து பொருந்தினால் விளக்குப் புள்ளி ஒருபுறம் விலகித் தெரியும்.

வீட்டில் ஒன்றையே செய்பவர்க்கு அம்மூடி கிட்டாது, குச்சியே துணை. வண்ணம் முழுதும் உலர்ந்தபின், குச்சியை முறுக்காமல் நேராக இழுத்து உறுப்பை விடுவித்து, ஒட்டியிருந்த இடத்துப் பசையைச் சுரண்டிவிட வேண்டும். வண்ணத்தின் மேல் ஒட்டினால் பொருத்தும் பசை நாளடைவில் வண்ணத்தோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். சுரண்டிய வெறும் பிளாஸ்டிக்கின் மேல் அது உறுதியாகப் பற்றும். குச்சி பிடித்திருந்த அந்த இடமே இப்போது வண்டியோடு பொருந்தும் இடமாகின்றது.